இரண்டு கையிலும் பஞ்சு

தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கில் போன் பேச வேண்டுமென்றால் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ரோட்டு வளைவு வரைக்கும் ஏறித்தான் ஆக வேண்டும். சிக்னல் என்கிற மகாராசன் அங்கேதான் குடியிருக்கிறான். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு லோஜினி ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வளைவுக்கு ஏறுவாள். கொழும்பில் ஹோட்டல் வேலை செய்கிற புருஷன் நிரஞ்சனோடு பத்து நிமிஷம் பேசிவிட்டு, மூச்சு வாங்க இறங்குவாள். சாப்பிட்டியா, புள்ள உதைக்குதா, மழை பெய்யுதா என்பதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு வளராது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிரஞ்சன் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

“பக்கத்துல யாராச்சும் நிக்கிறாங்களா?” என்றான்.

“ரெண்டு ஆடு நிக்கிது. ஏன், அதுககிட்டயும் பேசணுமா?”

“வெளையாடாத லோஜி. வினோஜன் கட்டாருக்குப் போறதுக்கு மெடிக்கல் எடுத்தான்ல. அதுல விழுந்துட்டான்.”

வினோஜன் அதே ஹோட்டலில் நிரஞ்சனோடு வேலை செய்கிறவன். அவன் பெண்சாதி ஷாமிலா, லயத்து வீட்டில் லோஜினிக்குப் பக்கத்துக் காம்பரா. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் பாதியில் நின்றுவிட்ட சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் “சுடுதண்ணி குடி” என்று பதில் வரும். இரண்டு பேரும் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள், ஒரே மாதத்தில் உண்டானவர்கள்.

“என்னா நோய் வருத்தமாம்?” என்றாள் லோஜினி.

நிரஞ்சன் குரலை இறக்கி, “ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்காம்” என்றான். “ஷாமிலாவுக்கு இன்னும் தெரியாது. சொன்னா ரயில்ல விழுந்துருவேன்னு நிக்கிறான். அவனத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போகவே எனக்குப் பயமா இருக்கு. என் தலையில கைய வச்சு சத்தியம் வாங்கியிருக்கான். நீ மூச்சு விட்றாத.”

“ஐயோ, ஷாமிலா?”

“அதான் நல்லவேளை. அவளுக்குக் கிளினிக்ல ரத்தம் பாத்தாங்கதானே? ஒண்ணுமில்லன்னு கார்டுல எழுதிட்டாங்கதானே? அவளும் புள்ளயும் தப்பிச்சிட்டாங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் அவன் சோறே திங்கிறான்.”

லோஜினி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். போனில் நிரஞ்சன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். ஷாமிலாவின் கார்டில் எழுதியிருந்தது ஷாமிலாவின் ரத்தத்தைப் பற்றி அல்ல. அந்த ரத்தம் லோஜினியுடையது.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்கு முடியவில்லையென்றால் அவளுக்காக இன்னொருத்தி நிற்பாள். தண்ணீர்ப் பீலியில் குடத்துக்கு இடம் பிடிப்பது, கூப்பன் கடையில் வரிசையில் நிற்பது, கூட்டத்துக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடுவது எல்லாம் இப்படித்தான் நடக்கும். கூடை நிறையாதவளுக்கு நிறைந்தவள் நாலு கை கொழுந்து அள்ளிப் போடுவாள். மேற்பார்வைக்கு வருகிற கண்டாக்கு ஐயா பார்த்தாலும் பார்க்காத மாதிரி போவார். இதை யாரும் ஏமாற்று என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அப்படிச் சொன்னவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஷாமிலாவுக்கு உலகத்தில் எதற்கும் பயமில்லை, ஊசியைத் தவிர. அட்டையை வெறும் கையால் பிடுங்கி எறிவாள், குடித்துவிட்டு வந்து கத்துகிறவனை விறகுக் கட்டையால் விரட்டுவாள். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று மட்டும் ஜன்னல் வழியாகக் குதித்து ஆற்றங்கரை வரைக்கும் ஓடியவள். கலியாணமாகி வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. மூன்றாம் மாதத்தில் தோட்டத்து மண்டபத்தில் கர்ப்பிணிப் பெண்களுக்கு ரத்தம் எடுத்தார்கள். வாசலில் மிட்வைஃப் மரியநாயகி மிஸ் பதிந்துகொண்டிருந்தார். உள்ளே சேலைத் திரைக்குப் பின்னால், டவுனிலிருந்து வந்தவர் ஒருவர் கார்டைப் பார்த்து ரத்தம் எடுத்தார். அவருக்கு இவர்கள் முகம் தெரியாது. ஷாமிலா திரையைப் பார்த்ததுமே வெளிறிப்போய், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னால முடியாதுடி. செத்துருவேன்” என்றாள்.

“ஒரு துளி ரத்தத்துக்கு யாரும் சாக மாட்டாங்க. கார்டக் குடு. ஒன்னோடதும் நானே குடுத்துர்றேன்.”

லோஜினி முதலில் தன் கார்டோடு போய் இடது கையைக் கொடுத்தாள். வெளியே வந்து ஷாமிலாவின் சிவப்பு ஸ்வெட்டரை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூட்டம் கொஞ்சம் நகர்ந்த பிறகு மறுபடி போய் வலது கையைக் கொடுத்தாள். இரண்டு முழங்கை மடிப்பிலும் பஞ்சோடு அவள் வந்ததைப் பார்த்து ஷாமிலா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. திரும்புகிற வழியெல்லாம் “ரெட்டைக் கைக்காரி” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அன்று அது பெரிய கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

திங்கட்கிழமை மலையில், தேத்தண்ணி வேளையில், ஷாமிலா வழக்கம்போல் பிளாஸ்க் மூடியில் ஊற்றித் தான் ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினாள். லோஜினியின் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

“நெஞ்செரியுது புள்ள. எனக்கு வேணாம்” என்றாள்.

தேத்தண்ணியில் அது வராது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவள்தான். ஆனாலும் கை போகவில்லை. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஷாமிலா அதைக் கவனிக்காமல், “புள்ள முடியோட பொறக்கும், அதான் எரியுது” என்று சொல்லிவிட்டுத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

சொல்லிவிடலாமா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை நினைத்தாள். சொன்னால் ஷாமிலா அடுத்த நிமிஷமே வளைவுக்கு ஏறி வினோஜனுக்குப் போன் போடுவாள். அவன் தண்டவாளத்துக்குப் போவான். சொல்லாவிட்டால், ஷாமிலாவின் வயிற்றுக்குள் காலை நீட்டி உதைத்துக்கொண்டிருக்கிறதே, அது போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் உயிர் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஷாமிலா பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் லோஜினி துண்டால் காதை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் நடந்த கிளினிக்குக்கு டொக்டர் யூஜினா வந்தார். தலவாக்கலைப் பக்கத்து வாத்தியார் மகள். தாயிடமிருந்து பிள்ளைக்கு அந்த நோய் போகாமல் தடுப்பது பற்றித் தோட்டம் தோட்டமாகப் போய் ஆராய்ச்சி செய்கிறவர். தோட்டத்துத் தமிழிலேயே பேசினார்.

“ஆரம்பத்துல ஒரு தடவ ரத்தம் பாத்தாச்சு. அதுக்குப் பொறகு பிரசவம் வரைக்கும் என்னா நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. கடைசி மாசங்கள்ல இன்னொரு தடவ பாக்கணுமான்னு கண்டுபுடிக்கத்தான் வந்திருக்கோம். ரெஜிஸ்டர்ல மூணு பேருக்கு ஒருத்தர். விருப்பமில்லன்னா வேணாம்னு சொல்லலாம், யாரும் கோவிக்க மாட்டோம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. தெரிஞ்சா மாத்திரை குடுத்துப் புள்ளயக் காப்பாத்திரலாம். தெரியாமப் போறதுதான் ஆபத்து.”

லோஜினிக்கு அந்தக் கடைசி வரி முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மரியநாயகி மிஸ் எண்ணி வாசித்தார். மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. பன்னிரண்டாவது பெயர் லோஜினி. அடுத்து நின்று பதிந்த ஷாமிலா பதின்மூன்று.

லோஜினி மிஸ்ஸின் மேசைக்குப் போனாள். “மிஸ், ஷாமிலாவையும் சேத்துக்க ஏலாதுங்களா?”

“அதெப்படி புள்ள? எண்ணி எடுக்கிறது. நமக்கு இஷ்டப்பட்டவங்களச் சேத்தா ஆராய்ச்சி கெட்டுப்போயிரும். அவ கார்டுதான் சுத்தமா இருக்கே.” மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “ஏன், என்னா விசயம்?”

அதுதான் சமயம். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பின்னால் இருபது பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கள்ள ரத்தம் கொடுத்தவள் என்று பெயர் வரும், ஏன் திடீரென்று கேட்கிறாய் என்று தோண்டுவார்கள், தோண்டினால் வினோஜன் வெளியே வருவான். “ஒண்ணுமில்லங்க மிஸ்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். கோழை, கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

திட்டிக்கொண்டே வந்தவளுக்குத் தூணருகே ஷாமிலாவைக் கண்டதும் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்ல முடியாது. பயந்துபோனவர்களுக்கு வருகிற யோசனை அது.

“ஷாமி, அன்னைக்கி ஒனக்கு நான் குடுத்தேன்ல. இன்னைக்கி எனக்கு நீ குடு.”

ஷாமிலா சிரித்தாள். லோஜினி சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் சிரிப்பும் நின்றது.

“என்னாடி ஆச்சு? ஒனக்குத்தான் ஊசின்னா தூசு மாதிரியே.”

“காலையில இருந்து கண்ணு இருட்டுது. கையப் பாரு.” நீட்டிய கை உண்மையாகவே நடுங்கியது. அதில் பொய் எதுவும் இல்லை.

ஷாமிலா திரையைப் பார்த்தாள், லோஜினியின் வயிற்றைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை அரும்பிவிட்டது, அந்தக் குளிரில்.

“சரி, கொண்டா கார்ட. நீ வெளியில நின்னு என்னாத்தையாச்சும் பேசிக்கிட்டே இரு. சத்தம் கேக்கணும் எனக்கு.”

அப்படித்தான் அவள் போனாள். மரியநாயகி மிஸ் மண்டபத்தின் மறுகோடியில் பெண்களுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு லோஜினி வாய்க்கு வந்ததைப் பேசினாள். ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்து முற்றிவிட்டது, ஆட்டுக்குப் புல் வெட்ட வேண்டும், மழை வரும் போலிருக்கிறது. உள்ளே யூஜினா சம்மதக் காகிதத்தை வாசிப்பது கேட்டது. எனக்கு விளங்கும்படி சொன்னார்கள், என் சம்மதத்தோடு கொடுக்கிறேன். ஷாமிலா அதில் லோஜினி என்று கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு லோஜினி எதுவும் விளங்கச் சொல்லவில்லை. அவளிடம் சம்மதமும் கேட்கவில்லை. அதை நினைத்ததும் லோஜினியின் பேச்சு நின்றது.

உள்ளே ஏதோ விழுகிற சத்தம். “லோஜினி! லோஜினி, கண்ணத் தொறங்க! இங்க பாருங்க லோஜினி!” என்று யூஜினா கூப்பிட்டார்.

தன் பெயரைச் சொல்லி யாரையோ எழுப்புவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். லோஜினி திரையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். ஷாமிலா நாற்காலியிலிருந்து சரிந்து, டொக்டரின் கையில் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. கை மடிப்பில் பஞ்சு. மேசையில் சின்னக் குழாய் நிறைந்து நின்றது.

“நான் பாத்துக்கிறேங்க, பக்கத்துக் காம்பராதாங்க” என்று லோஜினி அவளைத் தாங்கிக்கொண்டாள். ஷாமிலா கண் விழித்து, யாருக்கும் கேட்காத குரலில், “குடுத்துட்டேன்ல?” என்றாள். லோஜினி அழுதுவிட்டாள். பயத்தில் அழுகிறாள் என்று டொக்டர் நினைத்தார். அதுவும் உண்மைதான்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். வளைவில் ஒரு வேன் திரும்பினாலும் லோஜினி நிமிர்ந்து பார்ப்பாள். ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று கொழுந்து கிள்ளும்போதெல்லாம் விரலுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். பத்தாம் நாள் பகல் நிறுவைக்குக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, குடையைப் பிடித்துக்கொண்டு மரியநாயகி மிஸ் மலைக்கே ஏறி வந்தார்.

“லோஜினி, நாளைக்கு டவுன் கிளினிக்குக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க. டொக்டர் பாக்கணுமாம். சும்மாதான்” என்றார். சும்மாதான் என்று சொன்னவர் நேராகப் பார்க்கவில்லை.

அவர் இறங்கிய பிறகு பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிற காளியாயி கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டே, “ரத்தம் எடுத்துட்டு ஆளத் தேடி மலைக்கே வர்றாங்கன்னா சும்மாவா வருவாங்க? கொழும்பு கிழும்புன்னு புருசன அனுப்பிட்டு...” என்று இழுத்தாள். அது என் ரத்தமில்லை என்ற வார்த்தை லோஜினியின் பல் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவள் தப்பித்திருப்பாள். அத்தனை கண்களும் ஷாமிலா பக்கம் திரும்பியிருக்கும். லோஜினி அதைத் தண்ணீரில்லாமல் மாத்திரை விழுங்குவது போல் விழுங்கினாள்.

பதில் சொன்னவள் ஷாமிலா. “வாய மூடுங்க அக்கா, கொழுந்து வாடிப்போகுது” என்றாள். பிறகு லோஜினியின் தோளில் கை போட்டாள். “நாளைக்கு நானும் வாறேன். ஒரு நாள் பேரும் கூலியும் போனாப் போகட்டும்.”

பொகவந்தலாவையிலிருந்து கீழே இறங்குகிற பஸ்ஸில் அவள் லோஜினியின் கையை விடவேயில்லை. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு வயிறுகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. “என்னா வருத்தமா இருந்தாலும் இப்ப மருந்திருக்கு. நெனச்சு நெனச்சு சாகாத” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் லோஜினிக்கு ஒரு நினைப்பு வந்தது. ஷாமிலா தேற்றுவது லோஜினியை அல்ல, தெரியாமல் தன்னையே.

கிளினிக்கில் ஷாமிலா வெளிப் பெஞ்சில் இருந்தாள். லோஜினி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். டொக்டர் யூஜினா அவளை உட்காரச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

“நீங்கதான் லோஜினியா? அன்னைக்கி மயங்கி விழுந்தது நீங்க இல்லியே. நீங்க தூக்க வந்தவங்க.”

லோஜினி எல்லாவற்றையும் சொன்னாள். இடது கை, வலது கை, சிவப்பு ஸ்வெட்டர், கட்டார் மெடிக்கல், தண்டவாளம், ஒன்றையும் விடவில்லை. முன்னுக்குப் பின் மாறி மாறித்தான் வந்தது. யூஜினா பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் செஞ்ச வேலையில நாலு மாசம் போச்சு, தெரியுமா?” என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது லோஜினிக்கு. “மொதல்லயே அவங்க ரத்தத்தைப் பாத்திருந்தா அன்னைக்கே என்னான்னு தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப... இருக்குதுங்களா அவளுக்கு?”

“அத ஒங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்ல லோஜினி. அவங்க ரத்தம், அவங்களுக்குத்தான் சொல்லணும். அவங்க பேர்லயே இன்னொரு தடவ எடுத்து உறுதிப்படுத்தணும்.”

லோஜினி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “புள்ள?” என்றாள்.

யூஜினாவின் முகம் இளகியது. “யாரோட புள்ளையா இருந்தாலும் சொல்றேன். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இன்னைக்கே மாத்திரை தொடங்கி, ஒரு நாளும் விடாமக் குடிச்சு, பொறந்த புள்ளைக்கும் மருந்து குடுத்தா, அநேகமா எல்லாப் புள்ளைங்களுமே சுகமாத்தான் பொறக்குது. தாயும் தகப்பனும் மருந்து குடிச்சிக்கிட்டு வயசாகிற வரைக்கும் இருக்கலாம். அந்த ஆளுகிட்ட நான் பேசுறேன். நம்பரக் குடுங்க. தண்டவாளத்துக்குப் போக வேண்டிய வருத்தமே இல்ல இது.”

லோஜினி நம்பரைக் கொடுத்தாள். புருஷன் செய்த சத்தியம் அதோடு உடைந்தது. உடையட்டும் என்று இருந்தது.

“வெளியில இருக்கிறவங்கள நீங்க கூப்பிடுறீங்களா, நான் கூப்பிடவா?” என்று யூஜினா கேட்டார்.

“நானே கூப்பிடுறேங்க.”

பெஞ்சில் ஷாமிலா பிளாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். லோஜினியின் முகத்தைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி, சூடு பார்க்க ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினாள்.

“மொதல்ல இதக் குடி. பொறகு சொல்லு. எதுவா இருந்தாலும் நான் இருக்கேன்.”

லோஜினி வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். மூடியைப் பெஞ்சில் வைத்தாள்.

“ஒன் கார்ட எடுத்துக்கிட்டு உள்ள வா ஷாமி.”

“என் கார்டா? கூப்பிட்டது ஒன்னயத்தானே?”

ஷாமிலா அவளையே பார்த்தாள். அன்று தூணருகே கேட்ட உதவி, வேண்டாம் என்ற தேத்தண்ணி, நடுங்கிய கை, எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்ப்பது கண்ணிலேயே தெரிந்தது. பார்க்கப் பார்க்க முகம் வெளிறியது. ஒரு கை தானாக வயிற்றுக்குப் போனது.

“மறுபடியும் ஊசியா?” என்றாள், சின்னப் பிள்ளையின் குரலில்.

“ஊசிதான். இந்தத் தடவ ஒனக்காக நான் குடுக்க ஏலாது புள்ள. கையப் புடிச்சுக்கிறேன்.”

ஷாமிலா சிவப்பு ஸ்வெட்டரின் கையை மெதுவாக முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.